பட்டம் பறக்குது... நூல் யார் கையில்?

(மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



கவிதை வருபவர்கள் மலரில் கவிதை எழுதுகிறார்கள். ஜோக் வருபவர்கள் ஜோக் எழுதுகிறார்கள். எனக்கு இரண்டும் வராது. "ஏதாவது கட்டுரை எழுதுடா, ரெண்டு மூணு பக்கம் காலியா கிடக்கு" என்று மலர்க் குழு அண்ணன் சொன்னபோது, ரொம்ப நாளாக மனதை உறுத்திக்கொண்டிருந்த ஒரு விஷயத்தை எழுதிவிடலாம் என்று தோன்றியது. கல்வியின் தரம் பற்றிய விஷயம். யாரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அந்தக் குறையில் என் பங்கும் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களிடம் வருவேன்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறார். அம்மா களையெடுக்கப் போகிறார். "பையன் என்ன படிக்கிறான்?" என்று யாராவது கேட்டால், "டிப்ளமோ, மெக்கானிக்கல்" என்று அப்பா சொல்வார். அப்போது அவர் நெஞ்சு ஓர் அங்குலம் நிமிரும். அந்த ஓர் அங்குலத்துக்கு நான் தகுதியானவன்தானா? இந்தக் கேள்வியைப் போன வருடம் ஒரு பெரியவர் என் மனதில் விதைத்துவிட்டார்.

பதினொரு ஷாஃப்ட்

போன வருடம் விடுமுறையில் கோவையில் ஒரு பம்ப் கம்பெனிக்கு இன்பிளான்ட் டிரெயினிங் போயிருந்தேன். மூன்றாம் நாள் சூப்பர்வைசர் என் கையில் மைக்ரோமீட்டரைக் கொடுத்து, லேத்திலிருந்து வந்த ஷாஃப்டுகளை அளந்து பார்க்கச் சொன்னார். விட்டம் 25 மி.மீ. இருக்க வேண்டும். குறைந்தால் 24.98 வரை பரவாயில்லை. அதற்குக் கீழே போனால் கழிவு. நான் ஒவ்வொன்றாக அளந்தேன். 24.48, 24.49, 24.48... பதினொரு ஷாஃப்டுகளை எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன். "சார், எல்லாம் அரை மி.மீ. குறைச்சலா இருக்கு" என்றும் பெருமையாகச் சொன்னேன்.

அந்த ஷாஃப்டுகளைக் கடைந்தவர் ஒரு பெரியவர். எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவர். அவர் மைக்ரோமீட்டரை வாங்கிப் பார்த்துவிட்டு, "கண்ணு, இந்த அரை கோட்டைப் பார்க்கலையா?" என்று கேட்டார். நண்பர்களே, ஸ்லீவில் 24-க்கு அப்புறம் அரை மி.மீ. கோடு ஒன்று தெரியும். அதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் 24.98. பதினொன்றும் நல்ல ஷாஃப்ட்!

பெரியவர் திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. "காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரமாட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏனென்றால் அளவியல் செய்முறைத் தேர்வில் நான் வாங்கிய மதிப்பெண் நூற்றுக்குத் தொண்ணூற்று ஆறு!

செய்யாத சோதனை, எழுதிய ரீடிங்

அந்தத் தொண்ணூற்று ஆறு எப்படி வந்தது? உங்களுக்குத் தெரியாததா! நாற்பது பேருக்கு இரண்டு மைக்ரோமீட்டர். முன்னால் நிற்கும் நாலு பேர் அளப்பார்கள். மற்றவர்கள் அவர்கள் சொல்லும் எண்ணை எழுதிக்கொள்வார்கள். நான் எப்போதும் பின்வரிசை.

முறுக்குச் சோதனை இன்னும் வேடிக்கை. அந்த மெஷின் ஓடி நான் பார்த்ததில்லை. எங்கள் சீனியர்களும் பார்த்ததில்லை. ஆனால் எல்லோருடைய ரெக்கார்டிலும் அந்தச் சோதனை இருக்கிறது, படம் போட்டு, அட்டவணை போட்டு, அடியில் விடை எழுதி! பழைய ரெக்கார்டுகள் நாலைந்தை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தேன். புள்ளிக்குப் பின்னால் வரும் எண்கூட மாறவில்லை. அதைவிட ஒன்று. சூத்திரத்தில் ஆரம் போட வேண்டிய இடத்தில் எந்த வருடத்து அண்ணனோ விட்டத்தைப் போட்டிருக்கிறார். அதனால் தகைவு இரண்டு மடங்காக வந்திருக்கிறது. அந்தத் தப்பு வருடா வருடம் கைமாறி வந்து என் ரெக்கார்டிலும் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் கையெழுத்து இருக்கிறது. யாரும் படித்துப் பார்க்கவில்லை. எழுதிய நாங்களும்தான்!

இதே கல்லூரியில் நேர் மாறான ஓர் அனுபவமும் எனக்கு உண்டு. முதலாமாண்டில் ஃபிட்டிங் ஷாப். இரண்டு இரும்புத் துண்டுகளை அரத்தால் ராவி ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். நான் கொண்டுபோய்க் கொடுத்த ஜாபை இன்ஸ்ட்ரக்டர் ஐயா ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். "வெளிச்சம் தெரியுது பாரு, போய் மறுபடி ராவு" என்றார். மூன்று தடவை திருப்பி அனுப்பினார். கை கொப்புளித்துவிட்டது. அவரை மனதுக்குள் திட்டாத திட்டு இல்லை. நான்காம் தடவை வெளிச்சம் தெரியவில்லை. இன்று எனக்கு உண்மையாகவே ஒரு வேலை தெரியும் என்றால், அது அரம் பிடிப்பதுதான். என்னை மூன்று தடவை கழித்தவர்தான் எனக்கு ஒரு தொழிலைக் கொடுத்தார். கழிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் எனக்கு மதிப்பெண் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

யார் வந்ததால் தரம் போச்சு?

பஸ்ஸில், டீக்கடையில், கல்யாண வீட்டில் ஒரு பேச்சைக் கேட்டிருப்பீர்கள். "இப்பெல்லாம் கண்டவனும் இன்ஜினியரிங் படிக்க வந்துட்டான், அதான் தரம் போச்சு." சுற்றி வளைத்துச் சொன்னாலும் அந்தக் 'கண்டவன்' யார்? மூட்டை தூக்குபவர் மகன், களையெடுப்பவர் மகள், தமிழ் வழியில் படித்தவன். அதாவது நான், நீங்கள், நம் பக்கத்து பெஞ்ச் நண்பன்!

இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வார்ப்புக் கடையில் பழைய இரும்பையும்தான் குபோலாவில் போடுகிறோம். சேர்மானம் சரியாக இருந்து, சூடும் சரியாக இருந்தால் நல்ல வார்ப்பு கிடைக்கிறது. வார்ப்பில் ஓட்டை விழுந்தால் உலையைப் பார்ப்பார்கள், அச்சைப் பார்ப்பார்கள், மணலின் ஈரத்தைப் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு இரும்பை மட்டும் திட்டும் ஃபோர்மேனை யாராவது மதிப்பார்களா?

தமிழ்நாட்டில் 1984-ல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. பிறகு அவற்றின் எண்ணிக்கை ஒரு கட்டத்தில் ஐந்நூறையும் தாண்டியது. ஏழை வீட்டுப் பிள்ளைகளும் பி.இ. படிக்க முடிந்தது என்பது நல்ல விஷயம்தான். 2010-11 முதல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகையும் வந்தது. ஆனால் கல்லூரி கட்டிய வேகத்தில் ஆசிரியர்கள் உருவானார்களா? ஆய்வுக்கூடம் உருவானதா? அங்கேதான் கோளாறு. தரம் விழுந்தது நாம் நுழைந்த வாசலில் அல்ல. உள்ளே இருக்கும் வகுப்பறையிலும், அதைச் சோதிக்க வந்தவர்களின் கோப்பிலும்தான் விழுந்தது.

என் பெரியப்பா மகன் ஒரு கல்லூரியில் பி.இ. சேர்ந்தான். கட்டணச் சலுகை இருந்தும் விடுதி, பஸ், அது இது என்று பெரியப்பா அரை ஏக்கர் நிலத்தை விற்றார். ஒரே செமஸ்டரில் ஒரு பாடத்துக்கு மூன்று ஆசிரியர்கள் மாறினார்களாம். நாலு வருடம் முடிந்தபோது அண்ணன் கையில் பத்தொன்பது அரியர். இன்று மொபைல் கடையில் நிற்கிறான். ஊரில் அவனை 'படிப்பு ஏறாதவன்' என்கிறார்கள். அந்தக் கல்லூரியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை!

வேலியே பயிரை மேய்ந்த கதைகள்

இதெல்லாம் ஒரு கல்லூரிக் கதை, ஒரு அண்ணன் கதை என்று நினைக்க வேண்டாம். நாடறிந்த சில விஷயங்களைப் பாருங்கள்.

சத்தீஸ்கர் மாநிலம் 2002-ல் தனியார் பல்கலைக்கழகச் சட்டம் ஒன்று கொண்டுவந்தது. கொஞ்ச காலத்திலேயே நூற்றுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் முளைத்தன. பலவற்றுக்குக் கட்டடம்கூட இல்லை. பேராசிரியர் யஷ்பால் உச்ச நீதிமன்றம் போனார். 2005 பிப்ரவரியில் நீதிமன்றம் அவற்றை உருவாக்கிய சட்டப் பிரிவுகளைச் செல்லாது என்று சொன்னது. பல்கலைக்கழகம் மறைந்துவிட்டது. அதில் சேர்ந்திருந்த பிள்ளைகள்?

அடுத்தது டிப்ளமோகாரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் பி.டெக். முடிக்கலாம் என்று ஆசைப்படாதவர் நம்மில் யார்? நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அப்படிப் பட்டம் கொடுத்தன. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் (ஏ.ஐ.சி.டி.இ.) அனுமதி அவற்றுக்கு இல்லை. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்கள் தனியாக ஒரு தேர்வு எழுதித் தேறினால்தான் அவர்கள் பட்டம் செல்லும். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் ரத்து. யோசித்துப் பாருங்கள். அந்தப் பட்டத்தை நம்பிப் பதவி உயர்வு வாங்கியிருப்பார்கள், கடன் வாங்கியிருப்பார்கள், கல்யாணம்கூடச் செய்திருப்பார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து வெறும் காகிதம் என்றால்?

நம் பாலிடெக்னிக்குகளுக்கே வருவோம். அரசு பாலிடெக்னிக்குகளுக்கு 1,058 விரிவுரையாளர்களை எடுக்க 2017 செப்டம்பரில் ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தியது. அதில் 196 பேரின் மதிப்பெண்கள் திருத்தப்பட்டது தெரியவந்து, 2018 பிப்ரவரியில் தேர்வையே ரத்து செய்தார்கள். மறுதேர்வு நடந்தது 2021 டிசம்பரில். இடையில் நாலு வருடம்! திருத்தியவர்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். நேர்மையாகப் படித்து எழுதியவர்கள் காத்திருந்த காலத்தை யார் திருப்பிக் கொடுப்பது? ஆசிரியர் இல்லாமல் ஓடிய வகுப்புகளை யார் திருப்பிக் கொடுப்பது?

2024 ஜூலையில் இன்னொன்று. ஒரே ஆசிரியர் ஒரே ஆண்டில் பல கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் கணக்கில் இருக்கிறார் என்பதை அறப்போர் இயக்கம் பட்டியல் போட்டு வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்ற 224 கல்லூரிகள், 353 ஆசிரியர்கள்! கணக்கில் பேராசிரியர் இருக்கிறார். வகுப்பில் நாற்காலி மட்டும் இருக்கிறது. பல்கலைக்கழகம் விசாரித்தபோது இப்படி நடந்திருப்பது உண்மை என்று தெரிந்தது. ஏற்கனவே 2018-ல் விடைத்தாள் மறுமதிப்பீட்டில் முறைகேடு என்று லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் போட்டதும் இதே பல்கலைக்கழக வட்டாரத்தில்தான்.

கடைசியாக, தரத்துக்கே சான்று கொடுக்கிறவர்கள். உயர்கல்வி நிறுவனங்களுக்கு மதிப்பெண் போடும் 'நாக்' அமைப்பு 1994-ல் தொடங்கப்பட்டது. 2025 பிப்ரவரியில், ஆந்திராவில் ஒரு கல்வி நிறுவனத்துக்கு உயர்ந்த தரம் கொடுக்க லஞ்சம் வாங்கிய புகாரில், ஆய்வுக் குழுத் தலைவர் உட்படப் பத்துப் பேரை சி.பி.ஐ. கைது செய்தது. வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் வேலியே பயிரை மேய்ந்தால் விளைச்சலைப் பற்றி என்ன பேசுவது?

கேஜையும் சோதிக்க வேண்டும்

நம் படிப்பிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. கோ, நோ-கோ கேஜ் படித்திருக்கிறோம். கோ பக்கம் நுழைய வேண்டும், நோ-கோ பக்கம் நுழையக் கூடாது. ஆயிரம் ஜாப் பார்த்தால் கேஜும் தேயும். தேய்ந்த கேஜ் கெட்ட ஜாபை 'நல்லது' என்று சொல்லும். அதனால்தான் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கேஜையே ஸ்லிப் கேஜ் வைத்துச் சரிபார்க்கிறார்கள்.

ஏ.ஐ.சி.டி.இ. 1945-ல் ஆலோசனைக் குழுவாகப் பிறந்தது. 1987-ல் தனிச் சட்டம் வந்து அதற்கு அதிகாரம் கிடைத்தது. படிப்புகளுக்குத் தரச்சான்று கொடுக்க என்.பி.ஏ. இருக்கிறது. இணைப்புக் கொடுக்கப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நமக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் இருக்கிறது. கேஜுகளுக்குக் குறைவே இல்லை! ஆனால் அந்த கேஜுகளை யார், எப்போது சோதிக்கிறார்கள்? கல்லூரியே எழுதிக் கொடுக்கும் விவரம்தான் பெரும்பாலும் ஆதாரம். வருகிற தேதியும் முன்னாலேயே தெரியும். இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின வாரம் லேத்துக்குப் பச்சை பெயின்ட் அடிப்பதை நாம் பார்த்ததில்லையா? பெயின்ட் அடித்த லேத் ஓடுகிறதா என்று சுவிட்சைப் போட்டுப் பார்த்த அதிகாரியைத்தான் நான் இன்னும் பார்க்கவில்லை.

அளவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துகிறார்கள். பொறியியல் பட்டப் படிப்பில் 15 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று இருந்ததை 2018-19-ல் 20 மாணவருக்கு ஒருவர் என்று ஆக்கினார்கள். டிப்ளமோவில் 25 பேருக்கு ஒருவர். டாலரன்ஸை அகலப்படுத்தினால் ரிஜெக்ஷன் குறையும். ஆனால் பம்ப் ஒழுகும்!

தேய்ந்த கேஜால் யாருக்கு நஷ்டம்? வசதியான வீட்டுப் பையனுக்குச் சான்றிதழ் பொய்த்தாலும் மாமா இருக்கிறார், சித்தப்பா இருக்கிறார், சொந்தக் கடை இருக்கிறது. எனக்கு அந்தக் காகிதத்தைத் தவிர வேறு சிபாரிசு கிடையாது. டிப்ளமோ என்றால் இவனுக்கு மைக்ரோமீட்டர் பார்க்கத் தெரியும் என்று கம்பெனிக்காரர் நம்பினால்தான் என் அப்பா தூக்கிய மூட்டைக்குப் பலன். அந்த நம்பிக்கை போய்விட்டால் அவர் சான்றிதழைப் பார்க்க மாட்டார், கல்லூரிப் பெயரைப் பார்ப்பார், இங்கிலீஷைப் பார்ப்பார், சட்டையைப் பார்ப்பார். நான் கோவையில் பதினொரு நல்ல ஷாஃப்டுகளைக் கழித்த மாதிரி, நம்மில் நன்றாகப் படித்தவனையும் சேர்த்துக் கழித்துவிடுவார். தரக் கட்டுப்பாடு என்பது பணக்காரர்கள் கேட்க வேண்டிய விஷயம் அல்ல. நாம்தான் முதலில் கேட்க வேண்டும்!

"கண்டிப்பு வந்தால் நம்ம மாதிரிப் பசங்கதானேடா முதலில் ஃபெயில் ஆவோம்?" என்று என் அறை நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. கடைசியில் மட்டும் கண்டிப்பு என்றால் அது அநியாயம்தான். நல்ல கம்பெனியில் ஜாப் முடிந்த பிறகு மட்டும் அளப்பதில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் அளக்கிறார்கள். தப்பு அப்போதே தெரிந்தால் திருத்தலாம், கடைசியில் தெரிந்தால் தூக்கித்தான் போட வேண்டும். ஆசிரியர் இருக்கிறாரா, மெஷின் ஓடுகிறதா, சோதனை நடந்ததா என்று முதலில் கல்லூரியை அளக்கட்டும். அதற்கப்புறம் என்னை அளக்கட்டும். நான் ஜன்னல் பக்கம் நிற்கத் தயார்!

சங்கத்துக்குச் சில கோரிக்கைகள்

டெல்லியில் இருப்பவர்களையும் சென்னையில் இருப்பவர்களையும் நாம் நாளைக்கே திருத்திவிட முடியாது. ஆனால் நம் சங்கம் இங்கேயே சிலவற்றைச் செய்யலாம்.

ஒன்று: ஒவ்வொரு துறையிலும் ஆசிரியர்கள் யார், என்ன படித்தவர்கள், எந்த மெஷின் ஓடுகிறது, எது ஓடவில்லை என்று ஒரு பட்டியலை நோட்டீஸ் போர்டில் போடச் சொல்லிக் கேட்போம். ஆசிரியர் விவரத்தைக் கல்லூரிகள் பகிரங்கமாக வெளியிட வேண்டும் என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதிதான். நாம் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு: இன்ஸ்பெக்ஷன் குழு வரும்போது ஆசிரியர்கள் இல்லாத அறையில், குலுக்கல் முறையில் எடுத்த பத்து மாணவர்களிடம் பேச வேண்டும் என்று மனுக் கொடுப்போம்.

மூன்று: ஓடாத மெஷினின் சோதனையை ரெக்கார்டில் எழுத மாட்டோம். அந்தப் பக்கத்தில் 'மெஷின் பழுது, சோதனை நடைபெறவில்லை' என்று நாற்பது பேரும் எழுதுவோம். ஒருவன் எழுதினால் திமிர் என்பார்கள். நாற்பது பேரும் எழுதினால் மெஷின் ரிப்பேர் ஆகும்!

நான்கு: சனிக்கிழமை மதியம் தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுப்போம். மைக்ரோமீட்டர் வகுப்பை நான் எடுக்கிறேன். அரை கோட்டை இனி நான் மறக்க மாட்டேன்!

மூன்றாவது கோரிக்கைதான் கஷ்டமானது என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அதில் நம் மதிப்பெண் போகலாம். மற்ற மூன்றும் அடுத்தவர்களிடம் கேட்பது, அல்லது அரை நாள் ஒதுக்குவது. இது நம்மிடமே கேட்பது. இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு முன் என் ரெக்கார்டை எடுத்து அந்த முறுக்குச் சோதனைப் பக்கத்தில் விட்டத்தை அடித்து ஆரம் போட்டேன். விடை பாதியானது. பிறகு அதுவும் நான் எடுத்த ரீடிங் இல்லையே என்று தோன்றியது. முழுப் பக்கத்தையும் அடித்துவிட்டு 'சோதனை நடைபெறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆசிரியர் இன்னும் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன சொல்வாரோ, பார்ப்போம்.

பட்டம் உயரத்தில் பறப்பதைப் பார்த்து ஊர் கை தட்டும். நூல் அறுந்தால் அது யார் வீட்டு முள்வேலியில் விழும் என்று நமக்குத்தான் தெரியும். அதனால் நூலின் ஒரு முனையாவது நம் கையில் இருக்கட்டும் நண்பர்களே!

சிந்திப்போம்! செய்ததை மட்டும் எழுதுவோம்!